கத்தி வைத்தவர் சொன்ன சாட்சி

தேயிலைச் செடியை வெட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எவ்வளவு வெட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் கேமரன் மலையில் ஒருவர்தான் இருந்தார். தங்கையா கங்காணி. சந்தேகம் உள்ளவர்கள் ரிங்லெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, நரைத்த தலையாகப் பார்த்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பன்னிரண்டு வயதில் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தார். கவ்வாத்து என்றால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, புதுத் துளிர் விட வைக்கிற வேலை. இதில் என்ன பெரிய வித்தை என்று மலைக்குக் கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். வந்து செய்து பார்க்கட்டும். கத்தி ஒரே வீச்சில், சாய்வாக இறங்க வேண்டும். பட்டை நூல் அளவு கிழிந்தாலும் அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கி நடுத்தண்டு அழுகிவிடும். தங்கையா வெட்டிய இடம் கண்ணாடி போல இருக்கும். தடவிப் பார்த்தால் கைக்குத் தெரியும்.

அவர் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் அவர் காலத்தில் ஆறு பெரிய துரைமார் மாறினார்கள். அவர் மாறவில்லை. புதிதாக வந்த சின்னத்துரை எவராக இருந்தாலும், முதல் நாளே அவருக்குக் கிடைக்கிற உத்தரவு ஒன்றுதான்: கவ்வாத்து என்றால் தங்கையாவைக் கேள்.

இவ்வளவு பேர் எடுத்தவர் அடக்கமாக இருந்தார் என்று சொன்னால் பொய். கோயிலோ, கல்யாண வீடோ, காப்பிக் கடையோ, எங்கே நாலு பேர் கூடினாலும் ஒரு வார்த்தையைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

"என் கத்தி பட்டு இந்த மலையில ஒரு செடி செத்ததில்ல."

அவர் மனைவி வேலாயி பக்கத்தில் இருந்தால் விட மாட்டாள். "ஆமாமா. மத்தவங்க கத்தி பட்டா செடியெல்லாம் பாடையில போவுது. நீங்க வந்து பேரு வச்ச பொறவுதான் தேயிலையே மொளைச்சிச்சு."

ஊர் சிரிக்கும். சிரித்தாலும் ஒருவரும் மறுத்ததில்லை. அந்த ஒரு வரிதான் அவருடைய சொத்து, பட்டம், பதவி எல்லாம். அதை அவரே ஒரு நாள் கோர்ட்டில் நின்று தன் வாயால் அழித்தார். அவர் பெருமைகளிலேயே பெரியது அதுதான்.

தங்கையாவின் மகள் பவளத்தைக் கட்டிக் கொடுத்தது நாகப்பன் வீட்டில். நாகப்பன் இருபது வருடம் தேயிலைப் பெட்டி லோரி ஓட்டியவர். தாப்பா இறக்கத்தில் எத்தனை வளைவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். வேலையை விட்ட பிறகு ரிங்லெட் ஏரிக்கு மேலே முக்கால் ஏக்கர் பழைய தேயிலையை வாங்கினார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் செடி. கொழுந்து எடுத்துப் பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் தேயிலையைப் பெட்டிக்குள் பார்த்தவர். வேரைப் பார்த்தவர் இல்லை.

எண்பதாம் வருடம் தைப்பூசம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள் பார்த்து, சம்பந்தி கையால்தான் கவ்வாத்து ஆரம்பிக்க வேண்டும் என்று கூப்பிட்டார். தங்கையா எட்டு ஆட்களோடு போனார். அங்கே உறவு முழுக்கக் கூடியிருந்தது. முதல் செடிக்கு மஞ்சள் துணி கட்டி, பவளம் தாம்பாளத்தோடு நின்றாள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. கவ்வாத்து தொடங்கும்போது முதல் செடியின் அடியில் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, கத்தியை அந்த நெருப்பில் காட்டுவார்கள். காட்டிய கத்தி வெட்டாமல் திரும்பக்கூடாது. திரும்பினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

தங்கையா கீழ்வரிசைகளைப் பார்த்ததும் நின்றார். செடியில் பேருக்குக்கூட இலை இல்லை.

"என்ன சம்பந்தி, மொட்டையா கெடக்கு?"

"இனிமே மூணு மாசத்துக்குக் கொழுந்து இல்லல்ல? அதான் நேத்து வரைக்கும் சுத்தமா எடுத்துட்டேன். மேல அஞ்சு வரிசை மட்டும் பாதை இடிஞ்சு கெடக்கு, ரெண்டு மாசமா ஏற முடியல. அத விட்டுட்டேன் லா."

வெட்டின செடிக்கு இலை கிடையாது. மறுபடி துளிர்க்கும் வரை வேரில் சேர்த்து வைத்ததைத்தான் அது தின்ன வேண்டும். அதனால் தோட்டத்தில் ஆறு வாரம் கொழுந்து எடுக்காமல் செடியைச் சும்மா விடுவார்கள். பிறகு ஒரு வேர்த்துண்டை வெட்டி மூன்று சொட்டு அயடின் விடுவார்கள். காயத்துக்குப் போடுகிற அதே அயடின்தான். தோட்டத்து டிரெஸர், அதாவது ஆஸ்பத்திரிக்காரர், ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுப்பார். வேர் கருநீலமாக மாறினால் உள்ளே சாப்பாடு இருக்கிறது, வெட்டலாம். மருந்தின் பழுப்பு நிறமே நின்றால் வேர் பட்டினி, கத்தியைத் தொடக்கூடாது. தோட்டத்தில் தங்கையா இந்தச் சோதனையை ஒரு தடவையும் விட்டதில்லை.

அன்றைக்கு விட்டார். குப்பி வீட்டில் இருந்தது. தண்டு நல்ல தடிமன், தாங்கும் என்று கண் சொன்னது. சூடம் எரிந்துகொண்டிருந்தது. மகள் தாம்பாளத்தோடு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியை நெருப்பில் காட்டி வெட்டினார். இடிந்த பாதையில் தொற்றி ஏறி மேல்வரிசைகளையும் வெட்டி, பொழுது சாய்வதற்குள் முக்கால் ஏக்கரும் முடிந்தது. அந்த வருடம் மாசியில் மழையும் சரியாக இல்லை.

மே மாதம் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு செடி காய்ந்து நின்றது.

நாகப்பனின் நிலத்துக்கு மேலே ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், காய்கறித் தோட்டம். அங்கே களைக்கொல்லி மருந்து கலக்குகிற தொட்டி இருந்தது. அதிலிருந்து வழிகிற தண்ணீர் ஓடை வழியாக நாகப்பன் நிலத்தின் மேல்வரிசைக்குத்தான் வரும். நாகப்பன் குதித்தார். போய்க் கேட்டால் தவுக்கே கையை விரித்தார். ஈப்போவில் நாகரத்தினம் என்ற வக்கீலைப் பிடித்து, அத்தனை செடிக்கும் ஈடு கேட்டு வழக்குப் போட்டாயிற்று. தேயிலை தெரிந்த ஒருவர் நிலத்தைப் பார்த்துக் கோர்ட்டில் கருத்துச் சொல்ல வேண்டும் என்றார் வக்கீல்.

"என் சம்பந்தி இருக்கும்போது வேற யாரு சார்?" என்றார் நாகப்பன்.

தங்கையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோர்ட்டே கூப்பிடுகிறது! தீபாவளிச் சட்டையை அயர்ன் பண்ணச் சொன்னார்.

"நெலம் பாக்கத்தானே போறீங்க, பொண்ணா பாக்கப் போறீங்க?" என்றாள் வேலாயி.

இந்த முறை குப்பியை மறக்கவில்லை. முதலில் மேலே ஏறினார். ஐந்து வரிசையில் நூற்று முப்பத்தெட்டு செடி போயிருந்தது. உட்கார்ந்து கிட்டத்தில் பார்த்தார். ஒவ்வொன்றிலும் புதுத்துளிர் வந்து, சுருண்டு, கருகியிருந்தது. ஒரு வேரைத் தோண்டி அறுத்து அயடின் விட்டார். கருநீலம். சாப்பாடு நிறைய இருந்தும் செத்த செடி. வெளியிலிருந்து ஏதோ வந்து கொன்றிருக்கிறது.

நாகப்பன் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா! நான் சொன்னேன்ல?"

கீழே வந்தார்கள். அங்கே செத்தவற்றில் ஒரு துளிர்கூட வந்த அடையாளம் இல்லை. வேரைத் தோண்டினார். மூன்று சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை. வெறும் பழுப்பு. அடுத்த செடி. பழுப்பு. எட்டுச் செடி தோண்டினார். எட்டும் பழுப்பு. ஒன்பதாவது குழியில் மண்டியிட்டவர் எழுந்திருக்கவே இல்லை.

"என்ன சம்பந்தி, மருந்து இது வரைக்கும் ஏறிடுச்சா?"

"மருந்து இல்ல சம்பந்தி. இது பட்டினியில செத்தது. ஆறு வாரம் சும்மா விடாம வெட்டினதால செத்தது. நான் வெட்டினது."

நாகப்பனுக்குச் சுருக்கென்றது. "மெதுவாப் பேசுங்க. நான்தானே இலையெல்லாம் எடுத்தேன்?"

"நீங்க லோரிக்காரரு, உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கத்தி வச்சேன்."

"சரி, இப்ப யாருக்குத் தெரியப் போவுது? எல்லாம் மருந்துன்னு சொல்லுங்க, முடிஞ்சிது. என் பக்கத்துச் சாட்சியா வந்துட்டு எனக்கே ஆப்பு வைப்பீங்களா? அதுக்கு மேல, இத வெளிய சொன்னா உங்க பேரு என்னாவும்னு யோசிச்சீங்களா? ஊரு பூரா சிரிக்கும் லா."

பேர் என்றதும்தான் தங்கையா குழியிலிருந்து எழுந்தார். நாகப்பனின் வழக்கு ஒரு பக்கம். முப்பது வருடமாக நாலு பேர் நடுவில் சொன்ன அந்த ஒரு வரி மறு பக்கம். இரண்டும் அவர் நாக்கில் தொங்கியது. கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் ராத்திரி வீட்டில் வேலாயி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கேலி பண்ணவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"மூணு நாளா சாப்பாடு எறங்கல உங்களுக்கு. இன்னொரு தடவ எவனாவது கல்யாண வீட்டுல, 'உங்க கத்தி பட்டு'ன்னு ஆரம்பிச்சான்னா, உங்களால சிரிக்க முடியுமா?"

அவர் கையைக் கழுவிவிட்டு, மறுநாள் ஈப்போ பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

வக்கீல் நாகரத்தினம் கறார் பேர்வழி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே ஆளை எடை போடுகிறவர். தங்கையா நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"சார், மேல அஞ்சு வரிசை வெளி மருந்து. கீழ எரநூத்தி எழுபத்தி நாலு செடி என் கத்தி. ரெண்டையும் சேர்த்துச் சொல்றதுன்னா வர்றேன். ஒண்ண மட்டும் சொல்லணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

வக்கீல் பேனாவை மூடினார். திட்டப் போகிறார் என்று தங்கையா நினைத்தார்.

"இருங்க கங்காணி, உட்காருங்க. நாகப்பன் உங்களைத் தன் சாட்சின்னு நினைக்கிறார். அது தப்பு. கண்ணால் கண்டதைச் சொல்ற சாட்சி வேற. உங்களை மாதிரி தொழில் தெரிஞ்சவங்க கருத்துச் சொல்ல வர்றது வேற. யார் கூப்பிட்டாலும், யார் பஸ் செலவு கொடுத்தாலும், கூண்டில் ஏறினதும் நீங்க நீதிபதிக்குத்தான் ஆள். அவருக்குத் தேயிலை தெரியாது. அவருக்குக் கண்ணாக இருக்கத்தான் போறீங்க. என்ன பார்த்தீங்க, எப்படிச் சோதிச்சீங்க, அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தீங்க, இவ்வளவுதான். உங்க பக்கத்துக்கு ஆகாத சங்கதியையும் மறைக்கக் கூடாது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லணும். யார் குற்றவாளின்னு தீர்ப்புச் சொல்லக் கூடாது, அது அவர் வேலை."

"நான் சம்பந்தி. வெட்டினவனும் நானே. அது பரவாயில்லையா சார்?"

"நல்லதில்லைதான். வேறு ஆள் கிடைச்சா அவரைப் போடுவேன். கிடைக்கவில்லை. அதனால் எதிராளி கேட்கறதுக்கு முன்னாடி நாமே முதல் வரியில் சொல்லிடணும். மறைச்சா அதோட போச்சு."

பிறகு வக்கீல் ஒரு காரியம் செய்தார். வேர்ச் சோதனையை இரு தரப்பின் எதிரிலும் திரும்பச் செய்ய ஏற்பாடு பண்ணினார். பிரிஞ்சாங்கிலிருந்து போட்டோக் கடைக்காரர் வந்தார். தவுக்கே பக்கம் கருத்துச் சொல்ல மலைக்குக் கீழேயிருந்து ஒரு படித்தவர் காரில் வந்தார். பேருக்குப் பின்னால் நாலைந்து எழுத்து. காலில் போட்ட சப்பாத்து அழுக்காகும் என்று பாதையிலேயே நின்று, தூரத்திலிருந்து பார்த்து, "எல்லாமே தவறான கவ்வாத்து" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். குழியில் இறங்கி மண்டியிட்டது மூன்றாம் வகுப்புதான்.

வழக்கு எண்பத்திரண்டில் ரவூப் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. அந்தக் காலத்தில் ரிங்லெட்டிலிருந்து ரவூப் போக நேர்ப்பாதை கிடையாது. தாப்பாவுக்கு இறங்கி, கோலாலம்பூர் போய், பெந்தோங் மலையேறிப் போக வேண்டும். ஒரே மாநிலம்தான், ஆனால் ஒரு நாள் பயணம். சம்பந்திகள் இருவரும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். நாகப்பன் வளைவுகளை எண்ணுவது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ததும் தங்கையா, மொழிபெயர்ப்பாளர் மூச்சு விடுவதற்குள் மூன்றையும் சொல்லிவிட்டார். வழக்குப் போட்டவர் என் சம்பந்தி. அந்தச் செடிகளை வெட்டியது நான். கீழே செத்ததற்கு என் வெட்டுதான் காரணம். அதன் பிறகுதான் மேல் ஐந்து வரிசைக்கு வந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். இளம் வயது. கேட்க வைத்திருந்த முதல் மூன்று கேள்வியும் பறிபோன எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"எத்தனாம் வகுப்பு வரை படித்தீர்கள்?"

"மூணு."

"மூன்றாம் வகுப்புப் படித்தவர் வேதியியல் பேசுகிறீர்களா?"

"அது என்னான்னு எனக்குத் தெரியாதுங்க. வேர்ல சாப்பாடு இருந்தா அயடின் கறுக்கும், இல்லாட்டி கறுக்காது. தோட்டத்துல முப்பது வருசமாப் பாக்கறேன். ஏன் கறுக்குதுன்னு கேட்டா, படிச்சவங்களத்தான் கேக்கணும்."

நீதிபதி குனிந்து எழுதினார். வக்கீல் ஆட்சேபம் சொன்னார். பட்டம் இல்லாதவர் எப்படி நிபுணர் ஆவார்? தொழில் அனுபவத்தால் வந்த திறமையும் திறமைதான், தொடரலாம் என்றார் நீதிபதி.

"சரி. மேல் வரிசையைக் கொன்றது தவுக்கேயின் மருந்து. அதுதானே உங்கள் கருத்து?"

நாகப்பன் பெஞ்சின் விளிம்புக்கு வந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"இல்லீங்க. துளிர் விட்ட பொறவு வெளியேர்ந்து வந்தது ஏதோ கொன்னுருக்கு. அது மட்டும் எனக்குத் தெரியும். என்ன மருந்து, யாரு ஊத்தினாங்க, அது எனக்குத் தெரியாது. ஓடைத் தண்ணி பட்ட செடி செத்துருக்கு, அதே வரிசையில தண்ணி படாத செடி நல்லா இருக்கு. போட்டோவுல பாருங்க."

"இதையெல்லாம் உங்கள் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவீர்களோ? உங்களைப் பற்றி மலையில் அப்படித்தான் பேசுகிறார்களாம். உங்கள் கத்தி பட்டு ஒரு செடியும் செத்ததில்லையாம்!"

கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். தங்கையா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான்தான். இனிமே சொல்ல முடியாதுங்க. எரநூத்தி எழுபத்தி நாலு செத்துருக்கு, எண்ணிட்டு வந்துருக்கேன். அன்னிக்குக் கண்ணை நம்பித்தான் கெட்டேன். அதனாலதான் இந்தத் தடவ கண்ண நம்பாம வேரைத் தோண்டினேன்."

அதற்குப் பிறகு அந்த வக்கீல் அதிகம் கேட்கவில்லை. அடுத்து ஏறிய படித்தவரிடம் நாகரத்தினம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை வேரைத் தோண்டினீர்கள்?" அவர் பட்டமெல்லாம் சேர்ந்து சொன்ன பதில்: "ஒன்றும் இல்லை."

மருந்துத் தொட்டி வழிந்ததைப் பார்த்த சாட்சிகள் வேறு இருந்தார்கள். தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. மேல் ஐந்து வரிசைக்குத் தவுக்கே முழு ஈடு கொடுக்க வேண்டும். கீழ்ச்செடிகளுக்கு ஒன்றும் இல்லை. நாகரத்தினம் தீர்ப்பை வாசித்து, ஒரு இடத்தைத் தமிழில் சொன்னார்: "இந்தச் சாட்சி தன் தவற்றைக் குறைக்காமல் எண்ணிச் சொன்னார். ஆகவே மற்றதையும் கூட்டாமல் எண்ணித்தான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்."

நாகப்பன் முகம் தொங்கியே இருந்தது. வக்கீல் அவரைப் பார்த்தார். "எல்லாம் மருந்துன்னு இவர் சாதிச்சிருந்தா, கீழ்வரிசையைக் காட்டியே மேல்வரிசையையும் கவிழ்த்திருப்பாங்க. உங்க சம்பந்தி தன் பேரைக் கொடுத்து உங்க அஞ்சு வரிசையை வாங்கியிருக்கார், தெரியுதா?"

தாப்பாவில் பஸ் மாறும்போது நாகப்பன் இரண்டு காப்பி வாங்கினார். ஒன்றைத் தங்கையா கையில் திணித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தபடி குடித்தார்.

ஊர் சிரித்ததா? சிரித்தது. சில நாள் கத்தியைப் பற்றிக் கேலி ஓடியது. தங்கையா காப்பிக் கடைப் பக்கம் போவதைக் குறைத்தார். ஆனால் அந்த வருடக் கடைசியில் அவர் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கியது யார் என்கிறீர்கள்? கோர்ட்டில் தோற்ற அதே தவுக்கே! திரிங்காப்பில் அவருக்கும் இன்னொருவருக்கும் எல்லைத் தகராறு. எல்லையில் பழைய தேயிலை வரிசை ஒன்று இருந்தது. வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"உங்களுக்கு எதிரா வந்தாலும் அதையேதான் சொல்லுவேன்," என்றார் தங்கையா.

"தெரியும் லா, கங்காணி. அதான் உன் வீட்டுக்கு வந்தேன்."

அதற்குப் பிறகு ஐந்தாறு வழக்குக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் முதல் வரி, தனக்கும் வழக்காளிக்கும் என்ன உறவு என்பது. கடைசி வரி, தனக்குத் தெரியாதது என்னென்ன என்பது. பெரிய படிப்புப் படித்தவர்கள் இதைக் கற்றுக்கொள்ள எத்தனை வருடம் எடுக்கிறார்களோ. தங்கையா ஒன்பது குழியில் கற்றுக்கொண்டார்.

எண்பத்து நான்கில் நாகப்பனின் மிச்சச் செடிகளுக்கு அடுத்த கவ்வாத்து வந்தது. தைப்பூசம் முடிந்த ஞாயிறு. மஞ்சள் துணி கட்டியாயிற்று, உறவு கூடியாயிற்று, பவளம் தாம்பாளத்தோடு நின்றாள். நாகப்பன் தேங்காயை ஓங்கினார்.

"இருங்க," என்றார் தங்கையா. மண்டியிட்டு ஒரு வேரைத் தோண்டினார். சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து மூன்று சொட்டு விட்டார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஓரத்தில் லேசாக நீலம். நடுவில் பழுப்பு.

"ரெண்டு வாரம் விட்டது பத்தாது. இன்னும் நாலு வாரம் போவட்டும்."

"சம்பந்தி, நல்ல நாளு! சொந்தமெல்லாம் வந்துருக்கு. கத்திய எடுத்துட்டு வெட்டாம திரும்பினா வீட்டுக்கு ஆவாதும்பாங்க."

"போன தடவ வெட்டிட்டுத்தானே திரும்பினோம்? என்ன ஆச்சு?"

நாகப்பன் கையில் தேங்காயோடு நின்றார். பிறகு முதலில் அவர்தான் சிரித்தார். "இத என்ன பண்றது இப்ப?"

"சட்னிக்கு ஆவும்," என்றாள் வேலாயி. "பவளம், அந்தத் தேங்காய வாங்கும்மா."

தங்கையா கத்தியைச் சாக்கில் சுற்றினார். அந்த மலையில் நல்ல நாள் பார்த்துக் கிளம்பிய கவ்வாத்துக் கத்தி ஒன்று வெட்டாமல் வீடு திரும்பியது அன்றுதான் முதல் தடவை.